மரப்பாச்சியைக் கடைந்த பேனா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் பாட்டியின் கல்யாணத்துக்குத் திருப்பதியில் வாங்கிய செம்மர மரப்பாச்சி ஜோடியில் ஆண் பொம்மை பிளந்துவிட்டது. என் தம்பி அதை ஒரு கடைசல் பட்டறையில் கொடுத்து, மை பேனாவாகச் செய்து எனக்குப் பரிசளித்தான். எழுத மனம் வராமல் பீரோவில் வைத்திருக்கிறேன். செம்மரம் வீட்டில் இருந்தால் கேஸ் ஆகும் என்று பக்கத்து வீட்டிலும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
(வாசகி, ஏகாம்பரகுப்பம்)

பதில்: முதலில் பேனாவைப் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள் அம்மா. மீதியை அப்புறம் பேசலாம்.

மரப்பாச்சி என்றைக்கும் பூட்டி வைத்த பொருளாக இருந்ததில்லை. நவராத்திரி ஒன்பது நாளும் கொலுவின் மேல்படியில் நிற்கும். மற்ற நாளெல்லாம் குழந்தையின் கையில் இருக்கும், பல் முளைக்கிற குழந்தையானால் வாயிலும் இருக்கும். அடிபட்டு வீங்கினால் அதையே கல்லில் உரைத்துப் பற்றுப் போடுவார்கள். எங்கள் வீட்டுப் பெண் பொம்மைக்கு இடது பாதமே கிடையாது. நானும் என் அக்காவும் நகரி ஆற்றங்கரையில் விழுந்து வாங்கிய வீக்கங்களுக்கே அது தேய்ந்துபோனது. உங்கள் பாட்டியின் பொம்மையும் அப்படிப் புழங்கித்தான் இருக்கும். பேனாவான பிறகும் அது கையில் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே நம் பக்கத்து மலைகளில்தான். திருப்பதி மலைத்தொடரான சேஷாசலமும் அதை ஒட்டிய சித்தூர், கடப்பா, நெல்லூர்க் காடுகளும்தான் அதற்குத் தாய்வீடு. அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் அது இருக்கிறது. காட்டில் வெட்டுவதும், அனுமதிச் சீட்டு இல்லாமல் கட்டையை ஏற்றிப் போவதும் குற்றம். உங்களுடையது பாட்டி காலத்துப் பொம்மை. பிளந்த பொம்மையின் படம் இருந்தால் ஒரு பிரதி எடுங்கள். ஜோடியில் மிஞ்சிய பெண் பொம்மையையும் படம் எடுங்கள். பட்டறைக்காரரிடம் ‘வாடிக்கையாளர் கொடுத்த பழைய பொம்மையிலிருந்து கடைந்தது’ என்று ஒரு ரசீது எழுதி வாங்கி, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்துவிடுங்கள். வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் மட்டும் கிளம்புவதற்கு முன் வனத்துறையில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டுப் புதிதாகச் செம்மரப் பேனா வாங்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அரசு ஏலத்தில் எடுத்ததா, பட்டா நிலத்தில் வளர்த்ததா, பழைய சாமானா? எதுவானாலும் அதற்கு ஒரு தாள் இருக்க வேண்டும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்துபோனார்கள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கூலி ஆட்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் எல்லை ஊரான நகரியின் டீக்கடைகளில் தமிழ்ப் பேப்பரும் தெலுங்குப் பேப்பரும் பக்கத்துப் பக்கத்தில் விரித்துக் கிடந்தன. இரண்டையும் படிக்கத் தெரிந்தவன் நான். அதற்குப் பிறகு, தாள் இல்லாத செம்மரத்தை யார் நீட்டினாலும் நான் கையில் வாங்குவதில்லை.

சரி, எழுதும் விஷயத்துக்கு வருவோம். அடிக்கட்டையைத் திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள். கருப்பாக எபோனைட் (இறுகிய ரப்பர்) குழாயோ, பளபளப்பாகப் பித்தளைக் குழாயோ தெரிந்தால் நல்ல பட்டறை. வெறும் மரம் தெரிந்தால் பில்லரால் நேரே மை ஊற்றாதீர்கள். மரம் மையைக் குடித்து உப்பும், காயும்போது பிளக்கும். மை உறிஞ்சும் குழாயான கன்வெர்ட்டரோ, மை அடைத்து வரும் கார்ட்ரிட்ஜோ போட்டு எழுதுங்கள். செம்மரம் தண்ணீரில் போட்டால் மூழ்குகிற கனம் உள்ளது. அதனால் மூடியைப் பின்னால் செருகாமல் எழுதினால் கை வலிக்காது.

சானிடைசர் தடவிய கையோடு மட்டும் அதைத் தொட வேண்டாம். செம்மரத்தின் சிவப்புச் சாயம் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். என்னிடம் இருக்கும் செம்மரப் பேனா, அத்தை வீட்டுப் பழைய பூரிக்கட்டையிலிருந்து கடைந்தது. கொரோனா சமயத்தில் கையைத் துடைத்த ஈரத்தோடு அதை எடுத்துக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தாளின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை சிவப்பாக விழுந்தது. மூடியில் அந்த இடம் இன்றும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை பருத்தித் துணியில் துளி தேன்மெழுகு தொட்டுத் துடையுங்கள். வேறு பாலிஷ் எதுவும் வேண்டாம்.

கேள்வி: கையால் கடைந்த எபோனைட் பேனா வாங்கினேன். பச்சையும் கருப்புமாக அழகாக இருந்தது. ஆறே மாதத்தில் பழுப்பாகிவிட்டது. தேய்த்தால் ஒரு வாடையும் வருகிறது. ஏமாந்துவிட்டேனா? ரப்பர்தானே இது, இதற்கு ஏன் இத்தனை விலை?
(வாசகர், திருத்தணி)

பதில்: ஏமாறவில்லை. அந்த வாடைதான் அசல் எபோனைட் என்பதற்குச் சாட்சி. டயருக்குச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு கந்தகத்தை ரப்பரில் கலந்து, மணிக்கணக்கில் சூடாக்கினால் அது மரம்போல் இறுகிவிடும். 1851இல் அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு காலத்தில் உலகத்துப் பேனாக்களில் பெரும்பாலானவற்றை இதில்தான் செய்தார்கள். பிளாஸ்டிக் வந்ததும் கைவிட்டார்கள். இன்று பேனாவுக்கு ஏற்ற எபோனைட் கம்பி செய்யும் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் கொடுத்த விலையில் பாதி அதற்கு என்றால் மீதி கடைசல்காரரின் கைக்கு. கம்பியை லேத்தில் பூட்டி, உளியால் சீவி, உள்ளே குடைந்து, மரை போட்டு, மூடியும் கட்டையும் நூலிழை பிசகாமல் பொருந்துகிறவரை அவர் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிப் பார்ப்பார். உங்கள் ஊரிலிருந்து ரயில் ஏறினால் எட்டிவிடும் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் இப்படித்தான் கடைகிறார்கள்.

ஆந்திரத்தில் இதற்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. ராஜமகேந்திரவரத்தில் ரத்னம் என்பவர் காந்தியின் சுதேசிப் பேச்சைக் கேட்டுப் பேனா செய்ய இறங்கினார். அவர் செய்த பேனா ஒன்று காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா மூலம் காந்தியின் கைக்குப் போனது. அதில் எழுதிப் பார்த்த காந்தி, கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935இல் அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். குமரப்பா தஞ்சாவூர்க்காரர். ஒரு தெலுங்குப் பேனா ஒரு தமிழர் கைவழியாக, காந்தி இருந்த வார்தாவுக்குப் போனதை எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

நிறம் மாறியதற்குக் காரணம் வெளிச்சமும் ஈரமும். மேல்பரப்பில் இருக்கும் கந்தகம் அவை பட்டு மாறுகிறது. என் பேனாவையும் ஒரு கோடையில் கிழக்கு ஜன்னலில் மறந்து வைத்து, டீ டிகாக்‌ஷன் நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கும். செய்தவரிடமே கொடுத்தால் லேத்தில் ஓட்டி மேல்தோலைத் தேய்த்து மெருகு போட்டுத் தருவார். கழுவும்போது பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் கூடாது.

கேள்வி: எருமைக்கொம்புப் பேனாவில் ஊசி குத்தியதுபோல் சிறுகுழிகள். ஏன்?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: பூச்சி. கொம்பும் நகமும் ஒரே பொருள், கம்பளியை அரிக்கும் புழு இதையும் அரிக்கும். நாலைந்து வருடமாக டப்பாவில் கிடந்த பேனாவாக இருக்கும். தினமும் கை படுகிற கொம்பில் அது குடியேறாது.

கேள்வி: பில்லரால் மை ஊற்றுகிற பேனா. மை கால்வாசி ஆனதும் திடீரென்று சொட்டிவிடுகிறது. வெள்ளை வேட்டி இரண்டு போயிற்று.
(வாசகர், புத்தூர்)

பதில்: மை குறையக் குறைய உள்ளே காற்று அதிகமாகிறது. உங்கள் கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து, மையை வெளியே தள்ளுகிறது. பாதி ஆனதுமே நிரப்பிவிடுங்கள். மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், வாசலின் வேண்டாம்.

அப்படியும் சொட்டினால் நிப்பும், அதன் அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கும் ஒட்டி உட்காரவில்லை என்று அர்த்தம். என் அப்பா நகரிக் கடைத்தெருவில் பேனா ரிப்பேர்ப் பெட்டி வைத்திருந்தார். பக்கத்து டீக்கடையில் ஒரு கிளாஸ் கொதிநீர் வாங்கி, எபோனைட் நாக்கை நிப்போடு சேர்த்துப் பிடித்து முனையை மட்டும் அதில் முக்குவார். இளகியதும் கட்டைவிரலால் ஒரே அழுத்து. நாக்கு நிப்பின் வளைவுக்கு அப்படியே படிந்துவிடும். ஆறியதும் வந்தவர் கையிலேயே கொடுத்து, “உங்க பேரை எழுதுங்க” என்பார். எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் நிப்பைக் கடைசியாகத் தேய்ப்பார். கட்டை எந்தப் பொருளானாலும் சரி, இந்தக் கடைசித் தேய்ப்புக்குப் பிறகுதான் பேனா வந்தவருடையதாகும்.

கேள்வி: ஐயா, நான் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். மை பேனாவில் எழுத ஆசை. எங்கள் வீட்டில் விலை அதிகம் என்கிறார்கள்.
(மாணவி, நகரி)

பதில்: கடையில் கிடைக்கும் சாதாரண மை பேனா ஒன்றும் நீலமை புட்டி ஒன்றும் போதும் அம்மா. முதலில் கொஞ்சம் கீறும். அப்பாவின் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தேய்க்கிற கல்லும் அதில் இருக்கிறது. உங்கள் தமிழாசிரியரையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேனாவோடு வா. உன் பேரை எழுதச் சொல்லிப் பார்த்துத் தேய்த்துத் தருகிறேன்.