ஓர் அணைக்கட்டு போதும்

கேள்வி: விலங்கியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். பொதிகை மலை முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணி முழுவதையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற ஆசை. தலைப்பு மிகப் பெரிது என்கிறார் பேராசிரியர். எப்படிச் சுருக்குவது? ஆசிரியர் பணியைத் தவிர இத்துறையில் வேறு வேலை உண்டா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பேராசிரியர் சொல்வது சரி. தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, மேலே தேங்கும் நீரிலும் கீழே கற்களுக்கிடையே ஓடும் நீரிலும் எந்தெந்தப் பூச்சிகளின் இளம்புழுக்கள் வாழ்கின்றன, பருவந்தோறும் அவை எப்படி மாறுகின்றன என்று பார்த்தாலே ஒரு முழுமையான ஆய்வு கிடைத்துவிடும்.

ஓடும் நீரில் கிடக்கும் கல்லைப் புரட்டினால், மணல்துகள்களைத் தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் ஒடுங்கியிருக்கும் கேடிஸ்ஃப்ளை என்னும் பூச்சியின் இளம்புழுவைக் காணலாம். கழிவு கலந்து ஆக்சிஜன் குறைந்த இடங்களில் இத்தகைய பூச்சிகள் பெரும்பாலும் மறைந்து, ஹீமோகுளோபின் உள்ளதால் அங்கும் தாக்குப்பிடிக்கும் செம்புழுக்கள் (கொசு போன்ற ஒருவகை ஈயின் இளம்புழுக்கள்) பெருகும். பாட்டிலில் பிடித்த நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். புழுக்களோ வாரக்கணக்கில் அங்கேயே வாழ்பவை என்பதால், நீங்கள் போகாத நாளில் கலந்த கழிவின் பாதிப்பையும் காட்டிக்கொடுக்கும்.

தேக்கத்தின் விளைவும் கழிவின் விளைவும் ஒன்றோடொன்று குழம்பாதிருக்க, ஊர்க்கழிவு அதிகம் சேராத மேல்பகுதி அணைக்கட்டைத் தேர்ந்தெடுங்கள். பாபநாசம் அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீரின் அளவையும் தொடர்ந்து குறித்து வையுங்கள்; நீரோட்டத்தை விட்டுவிட்டு நீரின் தரத்தை மட்டும் அளக்கும் ஆய்வுகள் எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் மாதிரி எடுப்பதாக இருந்தால், வனத்துறை அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் உயிர் அறிவியல் பாடத்தில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுவது முதல் படி. பிறகு பராக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏட்ரீ என்னும் சூழலியல் ஆய்வு அமைப்பு ஆகியவற்றின் ஆய்வுத் திட்டங்களைக் கவனித்து வாருங்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுப் பணிகளிலும் நீர்வாழ் உயிர்களை அறிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். எங்கு சென்றாலும், நுண்ணோக்கியின் கீழ் ஒரு புழுவை அதன் பேரினம் வரை அடையாளம் காணும் பயிற்சிதான் உங்களுக்கு வேலை வாங்கித் தரும். அப்பயிற்சியை இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள்.