வினைச்சொல் வரும்வரை கை காத்திருக்கட்டும்: சைகைமொழி மொழிபெயர்ப்பு, கேள்வி பதில்

கேள்வி: ஓராண்டு சைகை மொழி படித்திருக்கிறேன். காது கேளாத நண்பர்களோடு தடுமாறாமல் பேசுகிறேன். இனி மொழிபெயர்ப்பாளராக வேலைக்குப் போகலாமா?

பதில்: பெரும்பாலும் இன்னும் இல்லை. நண்பரிடம் பேசும்போது தெரியாத சைகை வந்தால் சுற்றி வளைத்துச் சொல்லிவிடலாம். மொழிபெயர்க்கும்போது அடுத்த வாக்கியம் உங்களுடையதல்ல.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களுக்கு முன்பின் தெரியாத காது கேளாதவர் ஒருவர் பேசும் 5 நிமிட வீடியோவை எடுத்து, நிறுத்தாமல் குரலில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பேச்சு கோர்வையாக இருக்கிறதா? பிறகு வீடியோவோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பெயர்கள், எண்கள், யார் யாருக்குச் செய்தார் என்ற குழப்பம், எதிர்மறைகள் ஆகியவற்றை எண்ணுங்கள். புதியவர்கள் கையையே பார்ப்பார்கள், முகத்தை விட்டுவிடுவார்கள். பல சைகை மொழிகளில் ‘ஆமா, இல்லையா’ என்று கேட்கும் கேள்விக்குப் புருவம் உயரும், கை மாறாது. புருவத்தைத் தவறவிட்டால் “மாத்திரை சாப்பிட்டீர்களா?” என்பது “சாப்பிட்டீர்கள்” ஆகிவிடும். தலையை இருபுறமும் அசைப்பது மட்டுமே மறுப்பைச் சொல்லும் இடங்களும் உண்டு.

தமிழிலிருந்து சைகைக்குப் போகும்போது வேறொரு பள்ளம் இருக்கிறது. நம் வாக்கியத்தில் முடிவு கடைசிச் சொல்லில்தான் தெரியும். “இந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு வண்டி ஓட்ட” என்பது வரை கேட்டுவிட்டுக் கை ஓடிவிட்டால், “கூடாது” வருவதற்குள் ‘ஓட்டு’ என்று சொல்லி முடித்திருப்பீர்கள். ஆகவே வினைமுற்று காதில் விழும்வரை பொறுங்கள். ரொம்பவும் பொறுத்தாலும் ஆபத்து: நடுவில் வந்த தேதியும் மில்லிகிராம் கணக்கும் நினைவிலிருந்து நழுவும். எண் வந்தால் உடனே ஒரு சிறு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இடைவெளியைச் சரியாகப் பிடிக்கத்தான் பயிற்சி. வகுப்பில் கற்ற சைகைகளின் எண்ணிக்கை அதற்கு ஈடாகாது.

கேள்வி: இரண்டு மணி நேரக் கருத்தரங்குக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும் என்கிறார்கள். ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கத்தான் சம்பளமா?

பதில்: அவர் சும்மா உட்காருவதில்லை. பார்வையாளர் பக்கம், சைகை செய்பவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவர் தவறவிட்ட பெயரையும் எண்ணையும் சிறு சைகையால் எடுத்துக்கொடுப்பார்; பிழை தெரிந்தால் அப்போதே திருத்துவார். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்வார்கள். அதுவும் கடிகாரம் காட்டியவுடன் வாக்கியத்தின் நடுவில் எழுந்திரிக்காமல், பேச்சாளர் ஒரு கருத்தை முடித்து மூச்சு விடும் இடத்தில். ஒருவரே அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து செய்தால் விடுபடுதல் கூடுகிறது, செய்பவருக்கே அது தெரிவதில்லை. கூடவே மணிக்கட்டு, தோள், கழுத்து வலி. இந்த வலியால் தொழிலை இடையில் கைவிடுகிறவர்களும் உண்டு.

பேச்சாளரின் உரை, ஸ்லைடுகள், வரப்போகும் பெயர்களின் பட்டியல் ஆகியவற்றை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். செலவில்லாமல் தரத்தை உயர்த்த இதைவிட நல்ல வழி இல்லை.

கேள்வி: என் தம்பிக்குக் காது கேட்காது. மருத்துவமனைக்கு எப்போதும் நான்தான் கூடப் போய்ச் சொல்கிறேன். அக்கா செய்வதில் என்ன தவறு?

பதில்: அன்பில் தவறில்லை. ஆனால் பாசம் இருக்கும் இடத்தில் கெட்ட செய்தி மென்மையாகிவிடும். டாக்டர் சொன்ன நான்கில் மூன்றுதான் தம்பியிடம் போய்ச் சேரும். உங்கள் முன்னால் அவர் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளும் இருக்கும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ‘தாளில் எழுதிக் காட்டுகிறோம்’ என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சைகை மொழியிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி.

அவசரத்தில் நீங்களேதான் நிற்க வேண்டும் என்றால், டாக்டருக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். தம்பியின் கண்ணுக்கு இருவரும் தெரிய வேண்டும். டாக்டர் தம்பியைப் பார்த்துப் பேசட்டும். தம்பி “எனக்கு வலிக்கிறது” என்றால் நீங்களும் “எனக்கு வலிக்கிறது” என்றே சொல்லுங்கள், “அவனுக்கு வலிக்கிறதாம்” என்று வேண்டாம். உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும் வெளியே வந்த பிறகு.

“புரிந்ததா?” என்ற கேள்வியை நம்பாதீர்கள். சைகையில் பேசுபவர் தலையாட்டினால் ‘சொல்லுங்கள், கவனிக்கிறேன்’ என்றுதான் பல நேரம் பொருள். “எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், சொல்லுங்கள்” என்று டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

எல்லா நர்ஸ்களுக்கும் தெரிய வேண்டியது ஒன்று: டிரிப்ஸ் ஊசியை, சைகையில் பேசும் நோயாளி அதிகம் பயன்படுத்தும் கையில் குத்தக் கூடாது. அந்தக் கையைக் கட்டிவிட்டால் அவர் வாயைக் கட்டியது போல. ஸ்கேன் அறையில் விளக்கணைக்கும் முன்பும், குப்புறப் படுக்கச் சொல்லும் முன்பும் ‘ஒரு தட்டு என்றால் மூச்சைப் பிடி, இரண்டு என்றால் விடு’ என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். படுத்த பிறகு சொல்ல வழியே இல்லை.

கேள்வி: வீடியோ அழைப்பில் மொழிபெயர்க்கும்போது படம் தெளிவாக இல்லை என்கிறார்கள்.

பதில்: உச்சந்தலைக்கு மேலே ஒரு சாண் இடமும் கீழே இடுப்பும் இரண்டு முழங்கைகளும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். பின்னால் ஜன்னல் வேண்டாம், முகம் இருண்டுவிடும். உங்கள் தோல் நிறத்திலிருந்து வேறுபட்ட, கோடும் பூவும் இல்லாத சட்டை. மோதிரம், பளபளக்கும் நகப்பூச்சு வேண்டாம். இணைப்பு மெதுவானால் படத்தின் துல்லியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு 25 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்பதைக் குறைக்காதீர்கள். மங்கலான கையைப் படிக்கலாம், துள்ளித் துள்ளி நகரும் கையைப் படிக்க முடியாது.

கேள்வி: எங்கள் பள்ளியில் மொழிபெயர்ப்பாளரை நியமிக்கப் போகிறோம். தேர்வுக் குழுவில் யாருக்கும் சைகை தெரியாது. எப்படிச் சோதிப்பது?

பதில்: குழுவில் காது கேளாதவர் ஒருவராவது இருக்க வேண்டும். 2013 டிசம்பரில் நெல்சன் மண்டேலா நினைவுக் கூட்ட மேடையில் சைகை மொழிபெயர்ப்பாளராக நின்ற ஒருவர் மணிக்கணக்கில் கையசைத்தார். அதில் பொருளே இல்லை என்று உடனே சொன்னவர்கள் காது கேளாதவர்கள்தான்.

நேர்காணலில் 10 நிமிடப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பார்த்த காது கேளாதவர் புரிந்துகொண்டதைத் தம் சைகையில் திருப்பிச் சொல்லட்டும். அதை வேறொரு மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குக் குரலில் சொல்லட்டும். மூலத்தோடு ஒப்பிட்டால் எது விழுந்தது என்று தெரிந்துவிடும். பாடத்தில் வேண்டுமென்றே புரியாத ஒரு சொல்லையும் வையுங்கள். அங்கே நிறுத்தி, “மொழிபெயர்ப்பாளர் கேட்கிறேன், அந்தச் சொல்லை மறுபடி சொல்லுங்கள்” என்று வெளிப்படையாகக் கேட்பவரைத் தேர்ந்தெடுங்கள். நிற்காமல் எதையோ சைகை செய்து கடந்துபோகிறவர் வகுப்பிலும் அதையே செய்வார், மாணவருக்குத் தெரியவும் தெரியாது.