மூன்றாவது சி.டி. ஸ்கேனுக்கு மறுத்துவிடலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 41 வயது. சிறுநீரகக் கல் தொந்தரவால் ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று. நடுவில் என் ஒன்பது வயது மகன் படிக்கட்டில் விழுந்து, அவனுக்கும் தலைக்கு ஒரு சி.டி. எடுத்தார்கள். இப்போது எனக்கு மறுபடியும் இடுப்பில் வலி. மூன்றாவது தடவை சி.டி. எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். சி.டி. ஸ்கேனால் நூற்றுக்கு ஐந்து புற்றுநோய் வருகிறது என்று செய்தியில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. மறுத்துவிடலாமா? எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதாதா? உடம்பில் சேர்ந்திருக்கும் கதிர்வீச்சை வெளியேற்ற ஏதாவது மருந்து இருக்கிறதா டாக்டர்?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் காசு வீணாகும். வெளியேற்றுவதற்கு உங்கள் உடம்பில் எதுவுமே இல்லை. சி.டி.யில் பாய்ச்சுவது எக்ஸ்-ரே. அது ஒளியைப் போன்ற ஒரு கதிர், மெஷினை அணைத்த நொடியே அதுவும் போய்விடும், உள்ளே தங்காது, சேராது, பக்கத்தில் படுப்பவருக்கும் பரவாது. கதிரியக்கப் பொருளை ஊசி மூலம் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன் போன்றவை வேறு கதை, உங்களுக்கு எடுத்தது அது இல்லை. எனவே ‘கதிர்வீச்சை நீக்கும்’ பொடி, கஷாயம், மாத்திரை என்று யார் எதை விற்றாலும் வாங்க வேண்டாம். தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள், அது கல்லுக்காக.

சரி, கதிர் தங்காது என்றால் எதற்குத்தான் பயம்? அது போகிற போக்கில் செய்துவிட்டுப் போகும் வேலைக்காகத்தான். எக்ஸ்-ரே உடலைக் கடக்கும்போது எலெக்ட்ரான்களைத் தட்டிவிடும், அந்த எலெக்ட்ரான்கள் சில இடங்களில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சேர்த்தே அறுத்துவிடும். 2005-ல் ஜெர்மனியில் ஒரு குழு இதை நேரடியாகவே பார்த்தது. சி.டி. எடுக்கும் முன்னும் பின்னும் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து, வெள்ளை அணுக்களில் டி.என்.ஏ. அறுந்த இடங்களில் வந்து கூடும் ஒரு புரதத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் அந்தப் புள்ளிகளை எண்ணினார்கள். ஸ்கேன் முடிந்ததும் புள்ளிகள் கூடின, நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வந்து, பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளுக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டன. முன்பு கதிர்வீச்சு சிகிச்சையில் கடுமையான பக்கவிளைவைக் கண்டிருந்த ஒருவருக்கு மட்டும் அப்படிச் சரியாகக் குறையவில்லை. ஆக, அறுவதும் உண்மை, உடம்பு உட்கார்ந்து ஒட்டுவதும் உண்மை. எப்போதாவது ஓர் இடத்தில் தப்பாக ஒட்டி, அந்தத் தப்பு முக்கியமான ஒரு ஜீனில் விழுந்து, அதன் மேல் இன்னும் சில தப்புகளும் சேர்ந்தால், பல வருடம் கழித்து அது புற்றுநோயாகலாம். அந்த ‘எப்போதாவது’ எவ்வளவு என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குள் இத்தனை சண்டையும்.

நீங்கள் படித்த செய்தி 2025 ஏப்ரலில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றியது. அந்த நாட்டில் 2023-ல் சுமார் 6 கோடியே 20 லட்சம் பேருக்கு 9 கோடியே 30 லட்சம் சி.டி. ஸ்கேன்கள் எடுக்கப்பட்டன, அவற்றால் இனி வரும் காலத்தில் சுமார் 1,03,000 புற்றுநோய்கள் வரலாம் என்று கணக்கிட்டார்கள். இதே வேகத்தில் போனால் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய்களில் 5 சதவீதத்துக்கு சி.டி. காரணமாகலாம் என்றார்கள். கவனியுங்கள், சி.டி. எடுத்த நூறு பேரில் ஐந்து பேருக்கு வரும் என்று அவர்கள் சொல்லவே இல்லை. செய்தித் தலைப்பு உங்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. அவர்களுடைய எண்ணையே எடுத்து வகுத்துப் பாருங்கள், எடுத்த சி.டி.க்கள் 900-க்கு ஒன்று என்ற கணக்கில்தான் வருகிறது.

அதுவும் எண்ணிப் பார்த்த ஒன்று இல்லை, மாடல் வைத்துப் போட்ட கணக்கு. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்ததில் கிடைத்த விவரம்தான் இந்த மாதிரிக் கணக்குகளுக்கெல்லாம் முக்கிய அடிப்படை. அதிக அளவு கதிர்வீச்சில் தெரிந்த பாதிப்பை வைத்து ஒரு நேர்கோடு போட்டு, அதைச் சின்ன அளவு வரைக்கும் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். சின்ன அளவில் கோடு அப்படியே நேராகத்தான் வருமா, வளைந்து தரையைத் தொட்டுவிடுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அதைச் சொல்லிவிட்டு ‘சி.டி.யால் ஒன்றுமே ஆகாது, சும்மா பயமுறுத்துகிறார்கள்’ என்று முடிக்கும் ஆள் நான் இல்லை. காரணம், மாடலை நம்பாமல் ஆட்களையே பின்தொடர்ந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், 22 வயதுக்கு முன்பே சி.டி. எடுத்த ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பு மஜ்ஜைக்குப் போன கதிர்வீச்சு கூடக் கூட, ரத்தப் புற்றுநோய்களும் நிணநீர்ப் புற்றுநோய்களும் கூடின. வழக்கமான ஒரு சி.டி. எடுத்துக்கொள்ளும் பத்தாயிரம் பிள்ளைகளில், அடுத்த 12 வருடங்களுக்குள் ஒருவர் அல்லது இருவருக்குக் கூடுதலாக இந்த நோய் வரலாம் என்பது அவர்கள் கண்டது. சின்ன எண். பூஜ்யம் இல்லை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். வழக்கமான முறையில் வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி.யில் கிடைப்பது சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). எந்த ஸ்கேனும் எடுக்காமல் சும்மா இருந்தாலே மண், காற்று, விண்வெளி, உணவு என்று எல்லாவற்றிலிருந்தும் ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. ஒரு சி.டி. என்பது ஏறக்குறைய நான்கு வருட இயற்கைக் கதிர்வீச்சு. இந்த 10 மில்லிசீவர்ட்டுக்கு, எச்சரிக்கையோடு கூட்டியே கணக்குப் போட்டாலும், ஆயிரம் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு கூடுதல் புற்றுநோய் என்றுதான் வரும். உலக அளவில் ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் எப்படியும் வருகிறது. அதாவது ஆயிரம் பேரில் 200 பேருக்கு வரவிருந்த இடத்தில், ஒரு சி.டி.க்குப் பிறகு 201, இரண்டுக்குப் பிறகு 202. சிறு வயதில் எடுத்தால் இது கூடும், வயதான பிறகு எடுத்தால் குறையும். இதற்காகத் தூக்கத்தை விடத் தேவையில்லை அம்மா.

அடுத்தது, நோயாளிகள் மட்டுமல்ல, சில மருத்துவர்களே குழம்பும் இடம். ‘ஏற்கெனவே இரண்டு எடுத்தாயிற்று, அதனால் மூன்றாவது வேண்டாம்’ என்கிறீர்கள். இரண்டு முறை எடுத்தது மூன்றாவதை இன்னும் ஆபத்தாக்கிவிடாது. தாயக்கட்டையை உருட்டுவது மாதிரிதான், முன்னால் என்ன விழுந்தது என்பது அடுத்த உருட்டலுக்குத் தெரியாது. மூன்றாவது ஸ்கேனுக்கும் அதே ஆயிரத்தில் ஒன்றுதான். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2021-ல் வேறு அமைப்புகளோடு சேர்ந்து இதையே அறிக்கையாக வெளியிட்டது: முன்பு வாங்கிய மொத்த அளவைப் பார்த்து அடுத்த ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்காதீர்கள். தேவைப்படும் ஸ்கேனைப் பழைய கணக்கைக் காட்டி மறுப்பது தப்பு, தேவைப்படாத ஸ்கேனை ‘இதுதானே முதல் தடவை’ என்று எடுத்துக்கொள்வதும் அதே தப்பு. ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் பரிசோதனைப் பேக்கேஜ் என்று உச்சி முதல் பாதம் வரை சி.டி. எடுத்துக்கொள்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் ‘எத்தனையாவது’ என்று பேசாமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்த ஸ்கேன் ரிசல்ட் வந்தால் என் சிகிச்சையில் என்ன மாறும்? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லக்கூடிய கேள்விதான் இது. கல்லை உடைக்கலாமா, எண்டோஸ்கோப் விட்டு எடுக்கலாமா, அது சரியாக எந்த இடத்தில் நிற்கிறது, யூரிக் அமிலக் கல்லா கால்சியம் கல்லா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தால் சி.டி.க்கு நல்ல காரணம் இருக்கிறது. யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்திலேயே பல நேரம் கரைத்துவிடலாம். இரண்டு வேறு ஆற்றல்களில் படம் எடுக்கும் சி.டி. மெஷின் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். ‘சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம்’ என்பதுதான் பதில் என்றால், அல்ட்ராசவுண்டில் பார்க்கலாமா என்று கேட்டுவிடுங்கள்.

இதற்கும் ஆதாரம் இருக்கிறது. கல் வலி என்று அவசரப் பிரிவுக்கு வந்த சுமார் 2,750 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, சிலருக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், சிலருக்கு முதலில் சி.டி. என்று பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்தவர்களில் சிலருக்குப் பிறகு சி.டி.யும் தேவைப்பட்டது, ஆனால் அதனால் ஆபத்தான நோய் எதுவும் கூடுதலாகத் தவறிப்போகவில்லை, மொத்தக் கதிர்வீச்சு மட்டும் குறைந்தது. அந்த ஆய்வையும், உங்களைத் தூங்கவிடாமல் செய்த 2025 ஆய்வையும் முன்நின்று நடத்தியவர் ஒருவரே, ரெபெக்கா ஸ்மித்-பைண்ட்மன். அவரே ஒரு ரேடியாலஜி மருத்துவர்தான்.

அல்ட்ராசவுண்டுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது போங்கள். கல் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் சிறுநீர்க்குழாய் பைக்குள் நுழையும் முனை, பை நிறைந்திருந்தால் அந்த முனை தெளிவாகத் தெரியும். கல் இருந்தால் வெள்ளையாக ஒரு கோடு, அதற்குப் பின்னால் கறுப்பாக நிழல். கலர் டாப்ளரை (ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் அல்ட்ராசவுண்ட் வசதி) வைத்தால் பல கற்கள் சிவப்பும் நீலமுமாக மினுமினுக்கும், சந்தேகம் இருக்கும்போது அது உதவும். குழாயின் நடுப்பகுதியில் கல் நின்றால் குடலின் வாயு மறைத்துவிடும். அப்போதும் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும், பாதி முடிவுக்கு அது போதும்.

அதற்குப் பிறகும் சி.டி. வேண்டும் என்றால், ‘கல்லுக்கான குறைந்த டோஸ் சி.டி.’ என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் 3 மில்லிசீவர்ட்டுக்குள் முடிந்துவிடும். கல் சி.டி.யில் பளிச்சென்று தெரியும் பொருள் என்பதால், படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். கல்லீரலில் ஒரு சின்னக் கட்டியைத் தேடும்போது இந்தச் சலுகை கிடைக்காது. உடல் எடை மிக அதிகமாக இருந்தாலும் டோஸை இந்த அளவுக்குக் குறைப்பது சிரமம்.

எம்.ஆர்.ஐ.யைக் கேட்டீர்கள். அதில் கதிர்வீச்சு இல்லை என்பது உண்மை, ஆனால் உங்கள் வேலைக்கு அது உதவாது. தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சிக்னலை வைத்துப் படம் போடும் கருவி அது. கல்லில் அந்தச் சிக்னல் கிடையாது, அது இருக்கும் இடம் வெறும் கறுப்பு இடைவெளியாகத்தான் விழும், சின்னக் கல் என்றால் அதுவும் தெரியாமல் போகும். கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் போதாதபோது குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க எடுப்பதுண்டு, மற்றபடி கல்லுக்கு இல்லை.

புதிதாக வந்திருக்கும் மெஷின்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது அதிகம் இருக்கும் சி.டி.க்களில் எக்ஸ்-ரே முதலில் ஒளியாக மாறி, அந்த ஒளி அப்புறம் மின்சாரமாக மாறும், நடுவில் கொஞ்சம் விவரம் தொலையும். 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஃபோட்டான் (எக்ஸ்-ரேயின் ஒரு துணுக்கு) எண்ணும் சி.டி.யில், காட்மியம் டெல்லூரைடு படிகம் எக்ஸ்-ரேயை நேராக மின் துடிப்பாக மாற்றி ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியாக எண்ணுகிறது, அதன் ஆற்றலையும் அளக்கிறது. குறைந்த டோஸில் கூர்மையான படம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் கல் வலியோடு அதைத் தேடி அலைய வேண்டாம், சாதாரண மெஷினில் டோஸைக் குறைத்து எடுத்தாலே போதும். ஈயக் கவசம் கேட்டு டெக்னீஷியனோடு சண்டையும் போட வேண்டாம். படம் எடுக்கும் பகுதிக்குள் அது வந்துவிட்டால், மெஷின் தானாகவே டோஸைக் கூட்டிவிடக்கூடும்.

மகனைப் பற்றி. தலைக்கு எடுக்கும் சி.டி. சுமார் 2 மில்லிசீவர்ட், நடந்ததை நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். இனி ஒரு தடவை விழுந்தால் தெரிந்துகொள்ள வேண்டியது இது: தலையில் அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009-ல் ஒரு விதிமுறையை வகுத்தார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தெளிவாக இருக்கிறது, நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, கடுமையான தலைவலி இல்லை, ஐந்தடிக்கு மேலிருந்து விழுவது போன்ற பலத்த அடி இல்லை, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்ததற்கான அறிகுறி (காதிலோ மூக்கிலோ நீர் கசிவது, கண்ணைச் சுற்றிக் கன்றிப்போவது மாதிரி) இல்லை என்றால், மூளையில் பெரிய பாதிப்பு இருக்கும் வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. சி.டி. வேண்டாம். நினைவு தப்பியது, வாந்தி, கடுமையான தலைவலி, பலத்த அடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால், சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கலாமா என்று கேட்கலாம். பிள்ளை தெளிவாக இல்லை, அல்லது மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்த அறிகுறி தெரிகிறது என்றால் கேள்வியே கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

பழைய இரண்டு ஸ்கேன்களின் படம் இருக்கும் குறுந்தட்டையும் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பழைய படம் கிடைக்கவில்லை என்பதற்காகவே மறுபடி எடுக்கும் ஸ்கேன்கள் நிறைய. அப்புறம், இவ்வளவு நேரம் நான் பேசியதெல்லாம் வெறும் வலி என்றால்தான். வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போவது நின்றுவிட்டாலோ, வாந்தியில் தண்ணீர்கூட தங்கவில்லை என்றாலோ அது வேறு நிலைமை, அடைத்த குழாய்க்குப் பின்னால் சீழ் பிடிக்கிறதோ என்று பயப்பட வேண்டிய நிலைமை. அன்றைக்கு அல்ட்ராசவுண்டா சி.டி.யா என்று யோசித்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய் அவர்கள் சொல்லும் ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள்.