முழங்கால் குளிசை முழங்காலோடு நிற்பதில்லை

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடமாகக் கிளினிக்கில் தரும் லொசார்டன் 50 மில்லிகிராம் போடுகிறார். கடந்த மூன்று தடவையும் பிரஷர் 160க்குக் கீழே இறங்கவில்லை. அரசாங்கக் குளிசையில் பவர் இல்லை, வெளியே விலைகூடியது வாங்கு என்கிறார்கள். வாங்கலாமா? முழங்கால் வலிக்கு டவுனில் ஒருவர் மடித்துத் தரும் மருந்தையும் நான்கு மாதமாகப் போடுகிறார்.
- மஸ்கெலியாவிலிருந்து ஒரு மகள்

பதில்: வாங்க வேண்டாம் தங்கச்சி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் சங்கதி இருக்கிறது.

முதலில் லொசார்டன். உடம்பிலேயே சுரக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள், இரத்தக்குழாய்ச் சுவரில் தனக்கென்று உள்ள இடத்தில் வந்து ஒட்டினால் குழாய் இறுகும், பிரஷர் ஏறும். லொசார்டன் முந்திப்போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹட்டன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட் பிடிப்போமே, அதே வேலைதான். கைக்குட்டை பட்டாக இருந்தால் என்ன, பருத்தியாக இருந்தால் என்ன? விலைகூடிய பெட்டிக்குள் இருப்பதும் அதே லொசார்டன்தான்.

இனி அந்த மடித்த மருந்து. அதில் அநேகமாக டைக்குளோபினாக் இருக்கும். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் செய்யும் நொதியத்தை அது அடைத்துவிடும். வலி குறையும், சரி. ஆனால் குளிசைக்கு முழங்கால் எதுவென்று தெரியாது. இரத்தம் போகிற இடமெல்லாம் போகும். அதே புரோஸ்டாகிளாண்டின்தான் சிறுநீரகத்தின் குழாய்களை விரித்து வைத்திருக்கிறது, வயிற்றின் உட்சுவரையும் காக்கிறது. அங்கும் அது நின்றுபோனால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும். லொசார்டன் இறக்க இறக்க இது ஏற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தையே கெடுக்கவும் கூடும்.

அந்த மடிப்பில் எனக்குப் பெரிய பயம் வேறு. ஒரு பாட்டி என் மேசையில் பத்திரிகைத் தாளை விரித்தார். ஒரு மஞ்சள், பாதியாக உடைத்த ஒன்று, பொட்டு மாதிரி ஒரு சின்ன வெள்ளை. அந்த வெள்ளை, பிரெட்னிசலோன். இது ஸ்டீரொயிட். கலத்தின் கருவுக்குள்ளேயே போய் எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா இருக்கலாம் என்று மாற்றிவிடும். வலி மாயமாகும், பசி எடுக்கும், முகம் ஊதும். "கைராசிக்காரர்" என்று சனம் வரிசையில் நிற்கும். கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. அட்டையோடு தராமல் பிரித்து மடித்துத் தருவதே நீங்கள் பெயரைப் படிக்கக்கூடாது என்பதற்காகத்தான். கிழமைக்கணக்கில் போட்டால் உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் ஆள் சரிந்துவிடலாம். ஆகவே என்னவென்று தெரியாமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் டொக்டர் எழுதிய அஸ்பிரினைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுவும் அதே நொதியத்தைத்தான் அடைக்கிறது. ஆனால் நாளுக்கு 75 மில்லிகிராம் என்பது வலிக்கான அளவே இல்லை. அது இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுகளைப் பிடிக்கும். மற்றக் குளிசைகள் ஒட்டி விலகும், அஸ்பிரின் ஒட்டினால் ஒட்டியதுதான். சிறுதட்டுக்குக் கரு கிடையாது, புது நொதியம் செய்ய வழியில்லை. ஏழு முதல் பத்து நாள் ஆயுசு முடியும்வரை அது அப்படியே கிடக்கும். மாரடைப்பு வந்தவருக்கு அந்தச் சின்னக் குளிசைதான் காவல். திரும்பவும் சொல்கிறேன், அதை நிறுத்த வேண்டாம்.

கிளினிக்கில் இதை ஏன் யாரும் கேட்கவில்லை என்பீர்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான். ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிசயம். 1987இல் தமிழ் அரச கரும மொழியானது. மருந்து உறைக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்து நாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை, நாளைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கிளினிக் கொப்பியோடு மிச்சமுள்ள மடிப்பையும் கொடுத்து, சிறுநீரகத்துக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கு பனடோல் போதுமா என்று கேளுங்கள். 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது, ஆள் மெலிவென்றால் அதற்கும் குறைவு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகையை மட்டும் வாங்காதீர்கள், அதில் சோடியம் அதிகம்.