தொடை வலிக்குக் காரணம் கொழுப்பு மாத்திரையா, தைராய்டா?

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு ஆண்டுகளாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதம் முன்பு கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. கொடுத்தார்கள். இப்போது இரண்டு தொடையிலும் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. டிஎஸ்எச் 14 வந்திருக்கிறது. இதய நோய் இல்லை. கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: எல்லோரும் கொழுப்பு மாத்திரையைத்தான் சந்தேகிப்பார்கள். எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த டிஎஸ்எச் 14. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் ஹார்மோன் அது; 14 என்பது அதிகம். தைராய்டு சுரப்பு குறைந்தாலே தசை வலியும் சோர்வும் வரும். ரத்தத்தில் சிபிகே என்னும் தசை நொதியும் கூடும். அந்த நிலையில் ஸ்டாட்டின் (நீங்கள் சாப்பிடும் அடோர்வாஸ்டாட்டின் இந்த வகைதான்) சேர்ந்தால் தசை பாதிப்புக்கான வாய்ப்பு இன்னும் அதிகம். அதனால்தான் ஸ்டாட்டின் தொடங்கும் முன் டிஎஸ்எச் பார்ப்பது நல்லது. அவசரத்தில் இது பல நேரம் விட்டுப்போகிறது.

இன்னொன்று. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து கல்லீரல் இழுத்துக்கொள்வது மந்தமாகிவிடும். ஆக, உங்கள் கொலஸ்ட்ரால் ஏறியதற்கே தைராய்டு ஒரு காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்தால் எல்டிஎல் கொஞ்சம் தானாகவே இறங்கக்கூடும்.

சரி, இப்போது என்ன செய்வது? உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டி, சிபிகே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பாருங்கள். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு கடும் உடற்பயிற்சி வேண்டாம், அதனாலேயே சிபிகே ஏறும். இயல்பின் மேல் வரம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் ஸ்டாட்டினை நிறுத்துவார்கள். அவ்வளவு இல்லாவிட்டாலும், உங்களுக்கு இதய நோய் இல்லாததால் தைராய்டு சீராகும்வரை தள்ளிவைக்கச் சொல்லலாம். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் என் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ தேநீர் நிறத்திலோ போனால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அரிதான நிலை அது.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள்? கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இது தவறினாலே டிஎஸ்எச் ஏறும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சீரான பிறகு ஸ்டாட்டின் இன்னும் தேவைப்பட்டால், குறைந்த அளவிலோ வேறு வகையிலோ திரும்பத் தொடங்கலாம். அப்போது பலருக்கு வலி வருவதில்லை.