டெல்லி பணம் தராவிட்டால் என் சம்பளம் என்ன ஆகும்?

கேள்வி: மேலூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 2012 முதல் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. கேட்டால், "மத்திய அரசு நிதியை நிறுத்திவிட்டது, வந்ததும் தருகிறோம்" என்கிறார்கள். மத்திய அரசு மேல் நாங்கள் வழக்குப் போடலாமா? சங்கத்தில் வேலைநிறுத்தம் என்று பேச்சு அடிபடுகிறது. கலந்துகொண்டால் வேலை போய்விடுமா?

பதில்: முதலில் உங்கள் நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். அதில் கையெழுத்துப் போட்டவர் மாநில அரசின் அதிகாரி. சம்பளத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அந்தப் பக்கம்தான். டெல்லியை நீங்கள் துரத்த வேண்டியதில்லை.

மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை 1976-இல் அரசியலமைப்பின் 42-வது திருத்தம், மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. உங்கள் சம்பளம் வருகிற சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடாத தகராறில் மத்தியப் பங்கு நின்றது. 2,291 கோடி ரூபாய் கேட்டு 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது, அரசியலமைப்பின் 131-வது பிரிவின்கீழ். அந்தப் பிரிவு அரசுகள் மோதிக்கொள்ளும் களம். நீங்களும் நானும் அதற்குள் நுழைய முடியாது.

ஆனால் உங்கள் கையில் அதைவிட நல்ல ஆயுதம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்திருக்கிறீர்களா? ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம் போன்ற கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்த எண்ணிக்கை இருந்தால், உங்கள் பணி யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல, சட்டம் கேட்பது. அதே சட்டத்தின் 7(5) பிரிவு, மத்திய அரசு தருவதையும் தன் மற்ற வருவாயையும் கணக்கில் கொண்டு நிதி தரும் பொறுப்பு மாநிலத்துடையது என்கிறது. கொரோனா காலத்தில் ஆந்திர அரசு ஊழியர் சம்பளத்தைத் தள்ளிவைத்த வழக்கில், பாக்கிக்கு 6 சதவீத வட்டியும் தர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "கஜானா காலி" என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதன்மைக் கல்வி அலுவலருக்கும் சமக்ர சிக்ஷாவின் மாநிலத் திட்ட இயக்குநருக்கும் கோரிக்கை மனுவை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு, அதாவது அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு. கோரிக்கை மனு கொடுக்காமல் ஒத்தக்கடைக்கு வந்தால், "அதிகாரியிடம் கேட்டீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பணி நிரந்தரத்தை இதில் கலக்காதீர்கள். தற்காலிக ஊழியர் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006-ஆம் ஆண்டு உமாதேவி வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி இழுத்தடிப்பார்கள்; சம்பளப் பாக்கியும் அதோடு சேர்ந்து கிடப்பில் போகும்.

இனி சங்க விஷயம். சங்கம் வைப்பது அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவு தரும் அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் அதில் அடங்காது என்று 1962-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. 2003-இல் தமிழகத்தில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் ஒன்றேமுக்கால் லட்சம் பேரை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பியதை உங்கள் பள்ளியில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பினார்கள். பகுதிநேரக்காரரை அனுப்புவது இன்னும் சுலபம். பள்ளி நேரம் முடிந்து, போலீஸ் அனுமதியோடு ஆர்ப்பாட்டம் செய்யுங்கள்.

அப்புறம், வந்துபோன நாட்களுக்கான வருகைப் பதிவேட்டு நகலில் தலைமையாசிரியர் கையெழுத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். அவர் மாறுதலில் போய்விட்டால் புதிதாக வருபவரிடம் வாங்குவது பெரும்பாடு.