போர்டு தூங்குதா, தூங்குற மாதிரி நடிக்குதா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், ப்ளூடூத் டிவைஸ் பேட்டரிய குடிச்சு தீர்த்துடுதுன்னு. அதனால மத்த கேள்வி எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார் வணக்கம். நோர்டிக் கம்பெனியோட என்ஆர்எஃப்52832 ப்ளூடூத் சிப் இருக்க மாட்யூல் வச்சு ஒரு டெம்பரேச்சர் டேக் பண்ணேன், சிஆர்2032 காயின் பேட்டரி. ரெண்டு வருஷம் ஓடும்னு கணக்கு போட்டா 11 நாள்ல செத்துப்போச்சு. ஸ்லீப் ஃபங்ஷன் எல்லாம் கரெக்டாதான் கூப்பிடுறேன். மாட்யூல் டூப்ளிகேட்டா இருக்குமா?

பதில்: டூப்ளிகேட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி கணக்க திருப்பி போட்டு பாருங்க. சிஆர்2032ல சுமாரா 220 மில்லிஆம்ப் ஹவர் இருக்கும், 11 நாள்னா 264 மணி நேரம், வகுத்தா 0.83 மில்லிஆம்ப் வருது. இந்த நம்பர்தான் உங்களுக்கு துப்பு. அஞ்சு பத்து மைக்ரோஆம்ப் கூட போச்சுன்னா தேடுறது கஷ்டம், முக்கால் மில்லிஆம்ப் போகுதுன்னா ஏதோ ஒரு பெரிய ஐட்டம் ராத்திரி பகலா முழிச்சிட்டு இருக்குன்னு அர்த்தம், அத புடிக்கிறது ஈஸி.

முதல்ல சிப்ப முழுசா எரேஸ் பண்ணிட்டு, பூட் ஆன உடனே சிஸ்டம் ஆஃப் (சிப்போட ஆழமான தூக்கம்) போற ரெண்டு வரி ப்ரோக்ராம் மட்டும் போடுங்க, வேற ஒண்ணும் வேணாம். போட்டதும் ப்ரோக்ராமர கழட்டி, பேட்டரியையும் ஒரு தடவ எடுத்துட்டு திரும்ப மாட்டுங்க, ஏன்னா டீபக் மோடுக்குள்ள (கோடுல தப்பு தேடுற நிலை) போன சிப் பவர் போய் வர வரைக்கும் அதுலயே கெடக்கும், அந்த நேரத்துல அளந்தா வர்ற நம்பர் எல்லாம் பொய். இப்ப அளந்து பாருங்க. டேட்டாஷீட் சொல்ற 0.3 மைக்ரோஆம்ப் பக்கம் வந்துச்சுன்னா ஹார்டுவேர் சுத்தம், தப்பு உங்க கோடுல. அப்பவும் நூத்துக்கணக்குல காட்டுச்சுன்னா கோட தொடாதீங்க, போர்ட பாருங்க. இந்த ஒரு டெஸ்ட பண்ணாமலே மாசக்கணக்கா கோட தோண்டிட்டு இருக்கவங்கள நெறைய பாத்துட்டேன்.

கோடுலன்னா என்னோட முதல் சந்தேகம் யூஆர்ட் (கம்ப்யூட்டரோட பேசுற சீரியல் போர்ட்) மேலதான். லாக் பாக்குறதுக்காக ஆன் பண்ணி வச்சிருப்பீங்க, ரிலீஸ் பண்ணும்போது ப்ரிண்ட் வரிகள மட்டும் எடுத்திருப்பீங்க, ரிசீவர் அப்படியே ஆன்லயே இருக்கும். அது பைட் எப்ப வரும்னு காத்துக்கிட்டு ஹை ஃப்ரீக்வென்சி க்ளாக்க விடாம புடிச்சு வச்சிருக்கும், அரை மில்லிஆம்ப்லேர்ந்து ஒரு மில்லிஆம்ப் வரைக்கும் அதுக்கே போயிடும். உங்க நம்பருக்கு கச்சிதமா பொருந்துது பாருங்க. அடுத்தது எஃப்பியூ, அதாவது சிப்புல தசம (ஃப்ளோட்) கணக்கு போடுற பகுதி. இந்த சிப்ல ஃப்ளோட் கணக்கு போட்டா எஃப்பியூ இன்டரப்ட் பெண்டிங்ல நின்னு சிப்ப தூங்க விடாது, நோர்டிக்கோட எர்ராட்டால (சிப்ல தெரிஞ்ச குறைகளோட லிஸ்ட்) 87ஆவது ஐட்டமாவே இருக்கு. தூங்கப் போறதுக்கு முன்னாடி எஃப்பியூ எக்ஸெப்ஷன் பிட்ட க்ளியர் பண்ணி பெண்டிங்கையும் எடுத்துடணும். டெம்பரேச்சர் டேக்னா ஃப்ளோட் இல்லாமலா இருக்கும்?

போர்டுலன்னா ஐ2சி (சென்சாரோட பேசுற ரெண்டு லைன்) புல் அப்ப பாருங்க, அதாவது லைன ஹைல இழுத்து வைக்கிற ரெசிஸ்டர். 4.7 கே ரெசிஸ்டர், லைன் லோவா மாட்டிக்கிச்சுன்னா 3 வோல்ட்டுக்கு ஒரு லைனுக்கே 0.64 மில்லிஆம்ப். இதுல நானே மூணு நாள் மாட்டிட்டு முழிச்சிருக்கேன். ரொம்ப புத்திசாலித்தனமா சென்சார் பவர ஜிபிஐஓ (கோடுல ஆன் ஆஃப் பண்ணக்கூடிய சிப் பின்) வழியா ஆஃப் பண்ணேன், ஆனா புல் அப்ப மட்டும் மெயின் சப்ளைலயே விட்டுட்டேன். கரண்ட் புல் அப் வழியா வந்து, டேட்டா பின்னுக்குள்ள பூந்து, சென்சாரோட ப்ரொட்டக்‌ஷன் டயோடு வழியா ஏறி, ஆஃப் பண்ண சென்சாருக்கே பின்வாசல் வழியா சாப்பாடு போட்டுட்டு இருந்துச்சு. புல் அப்பையும் அதே ஜிபிஐஓக்கு மாத்துனதும் அடங்குச்சு. இன்னொன்னு, நெறைய சென்சார தூங்க வச்சாலே ஒரு மைக்ரோஆம்புக்கு கீழ வந்துடும், பவர வெட்டணும்னே அவசியம் இல்ல.

பெரிய திருடன புடிச்சப்புறம் சின்ன திருடங்க வருவாங்க. பட்டனுக்கு ஜிபிஐஓடிஈயோட (பின் மாறுறத கவனிக்கிற பகுதி) இன் ஈவென்ட்ட ஹை அக்யூரசில வச்சா அதுவும் க்ளாக்க முழிக்க வச்சிருக்கும், போர்ட் ஈவென்ட்டுக்கு மாத்துங்க. பேட்டரி வோல்டேஜ் பாக்க ரெண்டு 100 கே ரெசிஸ்டர்ல டிவைடர் போட்டிருந்தா 15 மைக்ரோஆம்ப் எப்பவும் ஓடிட்டே இருக்கும், ஆனா இந்த சிப்போட ஏடிசி (வோல்டேஜ அளக்குற பகுதி) தன் சப்ளைய தானே உள்ளுக்குள்ள அளந்துக்கும், 3 வோல்ட் காயினுக்கு டிவைடரே தேவையில்ல. வெளில எஸ்பிஐ ஃப்ளாஷ் (தனி மெமரி சிப்) இருந்தா பி9 கமாண்ட அனுப்பி டீப் பவர் டவுன்ல போடுங்க, சும்மா ஸ்டாண்ட்பைல விட்டா பத்து மைக்ரோஆம்புக்கு மேலயே திங்கிற ஃப்ளாஷ் எல்லாம் உண்டு.

கேள்வி: மல்டிமீட்டர் மைக்ரோஆம்ப் ரேஞ்சுல வச்சா 2 காட்டுது, ஆனா கொஞ்ச நேரத்துல போர்டு தானா ரீசெட் ஆகுது. நேரா பேட்டரில போட்டா ஆகல. ஏன்?

பதில்: மீட்டர்தான் வில்லன். அந்த ரேஞ்சுல மீட்டருக்குள்ள ஒரு ஷன்ட் (கரண்ட அளக்குறதுக்கான ரெசிஸ்டர்) இருக்கு, பல மீட்டர்ல 100 ஓம் பக்கம். தூங்கும்போது ஒண்ணும் தெரியாது, ஆனா ரேடியோ எழுந்து 6 மில்லிஆம்ப் இழுத்தா 0.6 வோல்ட் மீட்டர்லயே விழுந்துடும், ரேடியோ கூட சிபியூவும் ஓடுச்சுன்னா இன்னும் ஜாஸ்தி, சப்ளை கீழ போய் சிப் ரீசெட். அதுவும் இல்லாம சில மில்லிசெகண்ட்ல முடிஞ்சு போற ஸ்பைக்க மீட்டர் பாக்கவே பாக்காது, அதனால அது காட்டுற 2ஐ வச்சு ஆவரேஜ் கணக்கு போடாதீங்க. நோர்டிக்கோட பவர் ப்ரொஃபைலர் கிட் 2 மாதிரி ஒண்ணு வாங்க முடிஞ்சா வாங்கிடுங்க, ஒரே ஒரு கிராஃப்ல பாதி சண்டை முடிஞ்சிடும்.

வாங்க முடியலன்னா ஒரு கெபாசிட்டர் போதும். லீக்கேஜ் கம்மியான 100 மைக்ரோஃபாரட்ட 3 வோல்ட்டுக்கு சார்ஜ் பண்ணி, ரேடியோவ ஆஃப் பண்ணி தூங்க வச்ச போர்ட அதுல மட்டும் ஓட விட்டு, வோல்டேஜ் எவ்ளோ எறங்குதுன்னு பாருங்க. 10 செகண்ட்ல 0.1 வோல்ட் எறங்குச்சுன்னா 1 மைக்ரோஆம்ப். மீட்டர ஆரம்பத்துலயும் கடைசிலயும் மட்டும் தொட்டு எடுங்க, 10 மெகாஓம் மீட்டரே 3 வோல்ட்ல 0.3 மைக்ரோஆம்ப் குடிக்கும், அது உங்க சிப் குடிக்கிற அளவு!

கேள்வி: இஎஸ்பி32 (வைஃபையும் ப்ளூடூத்தும் இருக்க சிப்) டெவ் போர்டுல டீப் ஸ்லீப் போட்டேன், 10 மைக்ரோஆம்ப்னு போட்டிருக்காங்க, எனக்கு 9 மில்லிஆம்ப் வருது.

பதில்: 10 மைக்ரோஆம்ப் சிப்புக்கு, உங்க 9 மில்லிஆம்ப் போர்டுக்கு. போர்டுல ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் இருக்கான்னு பாருங்க, அது சும்மா நிக்கிறதுக்கே 5 மில்லிஆம்ப் பக்கம் எடுத்துக்கும், அது மேல பவர் எல்இடி, யூஎஸ்பி சிப் வேற. எந்த கோடு எழுதினாலும் இது குறையாது. வெறும் மாட்யூல வாங்கி எம்சிபி1700 மாதிரி 1.6 மைக்ரோஆம்ப்ல நிக்கிற ரெகுலேட்டர் போடுங்க, ஆனா அது 250 மில்லிஆம்ப்தான் தரும், வைஃபை ஆன் பண்ணா பீக்குக்கு பத்தாது. அப்புறம் டீப் ஸ்லீப்ல ப்ளூடூத் கனெக்‌ஷன் அறுந்துடும், எழுந்து புதுசா பூட் ஆகும். எப்பவும் கனெக்ட் ஆகியே இருக்கணும், காயின் பேட்டரிலயும் ஓடணும்னா இந்த சிப் உங்களுக்கு சரிப்படாது, அவ்ளோதான்.

கேள்வி: அட்வர்டைசிங் இன்டர்வல (நான் இங்க இருக்கேன்னு டிவைஸ் அறிவிக்கிற இடைவெளி) 100 மில்லிசெகண்ட்ல வச்சிருக்கேன். ஏத்துனா பேட்டரி நிக்குது ஆனா ஃபோன் கண்டுபிடிக்க லேட் ஆகுது. நடுவுல எது சரி?

பதில்: நடுவுல தேடாதீங்க, ரெண்டையும் வச்சுக்கோங்க. ஒரு தடவ அட்வர்டைஸ் பண்ண 12 மைக்ரோகூலம் சார்ஜ் செலவாகுதுன்னு வச்சுப்போம், 100 மில்லிசெகண்ட்னா ஆவரேஜ் 120 மைக்ரோஆம்ப், ஒரு செகண்ட்னா 12. பட்டன அமுக்குனதும் ஒரு 30 செகண்ட் வேகமா கத்தட்டும், யாரும் வரலன்னா 1022.5 மில்லிசெகண்டுக்கு போயிடட்டும். ஆப்பிள் அவங்க டிவைஸ் ஸ்கேன் பண்ற முறைக்கு ஏத்த மாதிரி பரிந்துரைக்கிற நம்பர்கள்ல அதுவும் ஒண்ணு, ரவுண்டா 1000 வைக்கிறத விட நல்லது. கனெக்‌ஷனே வேணாம், டெம்பரேச்சர மட்டும் சொன்னா போதும்னா கனெக்ட் பண்ண முடியாத (நான்-கனெக்டபிள்) அட்வர்டைசிங் போடுங்க, மூணு சேனல்லயும் அனுப்பிட்டு பதில் வருதான்னு காது கொடுக்கிற செலவு மிச்சம்.

கேள்வி: கனெக்ட் ஆனதுக்கு அப்புறம் கரண்ட் ஏறிடுது, டேட்டா எதுவும் அனுப்பலன்னாலும். என்ன பண்ணலாம்?

பதில்: டேட்டா இல்லன்னாலும் ஒவ்வொரு கனெக்‌ஷன் இன்டர்வலுக்கும் எழுந்து ஃபோனுக்கு ஆஜர் சொல்லியாகணும். 30 மில்லிசெகண்ட்னா செகண்டுக்கு 33 தடவ. ஸ்லேவ் லேட்டன்சி 30னு கேளுங்க, சொல்ல ஒண்ணும் இல்லாதப்ப 30 அழைப்ப விட்டுட்டு 930 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ எழுந்தா போதும், அவசரம்னா அடுத்த 30லயே அனுப்பலாம். சூப்பர்விஷன் டைம் அவுட் (இவ்ளோ நேரம் சத்தமே இல்லன்னா கனெக்‌ஷன் போச்சுன்னு எடுத்துக்கிற நேரம்) அந்த 930க்கு ரெண்டு மடங்குக்கு மேல இருக்கணும், நான் 6 செகண்ட் வைப்பேன். ஃபோன் ஒத்துக்கிச்சான்னு கண்டிப்பா செக் பண்ணுங்க, நீங்க கேக்கலாம் அவ்ளோதான், முடிவு அதோடது.

இங்கதான் தூக்கத்துல நேரம் பாக்குற 32.768 கிலோஹெர்ட்ஸ் க்ரிஸ்டலுக்கு மவுசு. காச மிச்சம் புடிக்க அத எடுத்துட்டு உள்ளுக்குள்ள இருக்க ஆர்சி க்ளாக்ல ஓட்டுனா 500 பிபிஎம் (பத்து லட்சத்துல 500) பிழை, ஃபோனுக்கு ஒரு 50 சேத்தா ஒரு செகண்ட் தூக்கத்துக்கு 550 மைக்ரோசெகண்ட் சீக்கிரமே எழுந்து ரிசீவர தொறந்து வச்சுட்டு உக்காரணும். 20 பிபிஎம் க்ரிஸ்டல்னா 70 போதும். இதுபோக ஆர்சிய அப்பப்ப காலிப்ரேட் பண்ற செலவு தனி.

கேள்வி: என்ஆர்எஃப்52832ல டிசி-டிசி (உள் சப்ளை வோல்டேஜ வீணாக்காம எறக்குற பகுதி) ஆன் பண்ணா பாதி கரண்ட்னு படிச்சு ஆன் பண்ணேன், போர்டு செத்துடுச்சு சார்!

பதில்: சாகல. உங்க மாட்யூல்ல அதுக்கான இண்டக்டர் (கம்பிச்சுருள்) போட்டிருக்க மாட்டாங்க, ஆன் பண்ணதும் சிப்போட உள் சப்ளை அறுந்து ஹேங் ஆகியிருக்கும். பவர் குடுத்த உடனே ப்ரோக்ராமர்ல எரேஸ் அடிச்சா மீண்டு வந்துடும், ஒரு தடவைல வரலன்னா நாலஞ்சு தடவ முயற்சி பண்ணுங்க. அடுத்த மாட்யூல் வாங்கும்போது ஸ்கீமேட்டிக்ல 10 மைக்ரோஹென்றி இண்டக்டர் ஒண்ணு இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.